பீரங்கிக்குப் பொட்டு வைத்த வருஷம்

அந்தப் பீரங்கியை இழுத்து வந்த மாடுகளில் இரண்டு எங்கள் வீட்டு மாடுகள். அதனால் அதைப் பற்றிப் பேச மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிக உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன். டவுனில் இருக்கிற பெரிய மனிதர்கள் அதைப் பற்றி மேடையில் பேசிக் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட அதன் கயிற்றைத் தொட்டவர் இல்லை.

ரெம்பாவுக்கும் தம்பினுக்கும் நடுவே, ரயில் இரண்டு நிமிஷம் நின்று போகிற சின்ன டவுன் எங்களுடையது. அங்கிருந்து இரண்டு கல் தள்ளி எங்கள் தோட்டம். ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு இருபது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவதுவரை படித்துவிட்டு, பால்மரம் வெட்டப் போனவள் நான். என் வீட்டுக்காரர் தோட்டத்து மாட்டுவண்டி ஓட்டினார். ரப்பர் ஷீட்டுகளை ரயிலடியில் இறக்கிவிட்டு, திரும்பும்போது கடைக்கு அரிசி மூட்டை ஏற்றி வருவார். கல்யாணமாகி மூன்று வருஷம். பிள்ளை இல்லை. மாட்டோடு பேசுகிற பேச்சில் பாதியை என்னோடு பேசியிருந்தால் இந்நேரம் இரண்டு பிள்ளை ஓடி விளையாடும் என்று பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்த லயத்துப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். அவர் காதில் விழுந்தாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு நாள் காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றால், பெயர் கூப்பிட ஆளில்லை. வெள்ளைக்காரத் துரை இல்லை, அவர் காரும் இல்லை. பங்களா வாசலில் நாய் மட்டும் கட்டிக் கிடந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஜப்பான்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். ரப்பர் வாங்க ஆளில்லாமல் போனது. பாதி மரங்களை வெட்டாமல் விட்டார்கள். தோட்டத்து ஓரமெல்லாம் மரவள்ளி நட்டோம். மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு.

பீரங்கி வந்தது அதற்கு ஐந்தாறு மாதம் கழித்து. சிங்கப்பூரில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் கப்பலிலிருந்து கழற்றியது என்று சொன்னார்கள். ரயிலில் கூரையில்லாத பெட்டியில் படுத்திருந்தது. மூன்று வண்டியை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம். அதை டவுன் திடலுக்குக் கொண்டுபோக வேண்டும், பெட்ரோலை வீணாக்கக் கூடாது என்று உத்தரவு. தோட்டத்துக்குத் தோட்டம் ஆளும் மாடும் கேட்டு வந்தார்கள். எங்கள் கங்காணி, தன் கையில் இருந்து கொடுப்பதுபோல, எங்கள் மாடுகளைக் கொடுத்தார்.

நாலு ஜோடி மாடுகள், நாற்பது ஆட்கள். கீழே தென்னந்துண்டுகளை உருளை போலப் போட்டு, பின்னால் விடுபட்ட துண்டை எடுத்து முன்னால் போட்டு, ஒரு கல் தூரத்தை மூன்று நாள் இழுத்தார்கள். நான் கஞ்சித் தூக்கோடு போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள், திடலுக்கு ஏறுகிற மேட்டில் ஒரு துண்டு நழுவியது. எங்கள் வலத்து மாட்டின் பின்னங்கால் அதற்குக் கீழே போய்விட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த மாட்டை என் வீட்டுக்காரர் கன்றிலிருந்து வளர்த்தார். அவர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சிப்பாய் அவரை விலகச் சொல்லிவிட்டுச் சுட்டான். சாயங்காலம் அதைச் சமைத்துத் தின்றார்கள். கங்காணிக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். அவர் வாங்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் நம்பவில்லை.

என் வீட்டுக்காரர் அழவில்லை. ஒற்றை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து கட்டினார். நுகத்தடியைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. அன்றோடு அவருக்கு வேலை இல்லை.

திடலில் கொடிமரத்துக்கு முன்னால் பீரங்கியை மரக்கட்டைகள்மேல் உட்கார வைத்தார்கள். அதன் வாயைத் தரையைப் பார்க்கும்படி தாழ்த்தி, கட்டையால் அடைத்திருந்தார்கள். எல்லாத் தோட்டத்துச் சனங்களையும் வரவழைத்து, ஆபீசர் ஒருவர் பெட்டிமேல் ஏறிப் பேசினார். அவர் ஜப்பான் பாஷையில் பேச, கூட வந்தவர் மலாயில் சொல்ல, எங்கள் கங்காணி தமிழில் சொன்னார். "வெள்ளக்காரன் இதை வச்சித்தான் கடலைக் காத்தான். இப்ப அதுவே தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிது பாத்துக்குங்க. இனிமே இந்தப் பக்கம் போற எல்லாரும் குனிஞ்சு கும்பிட்டுட்டுத்தான் போவணும்."

குனியச் சொன்னது பின்னால் இருக்கிற கொடிக்கு. எங்கள் சனங்களுக்கு அது எங்கே தெரியும்? கண்முன்னால் பெரிதாக, கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைக் கும்பிடச் சொல்கிறார்கள். அது கொன்றும் இருக்கிறது. அது சாமியில்லாமல் வேறென்ன? பாசாருக்குப் போகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு சுற்றும் சுற்றி வந்தார்கள். காவல் நின்ற சிப்பாய் "பாகேரோ!" என்று அவன் பாஷையில் திட்டி ஒருத்தியை அறைந்தான். அறை வாங்கியவள், சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று மறுநாள் செம்பருத்திப் பூவோடு போனாள். இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். நாங்கள் அப்போதே சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் பூ வைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் சயாம் பேச்சு அடிபட ஆரம்பித்தது. சயாமில் ரயில் ரோடு போட ஆள் கேட்கிறார்களாம், முதலில் வேலையில்லாத ஆம்பளைகளைத்தான் பிடிப்பார்களாம். போனவன் எவனும் திரும்பி வந்த செய்தி இல்லை. எங்கள் லயத்தில் வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் யார்? என் வீட்டுக்காரர்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே, கிழங்குதான், அதுவும் இறங்கவில்லை. அவரை எப்படியாவது ஒரு வேலையில் ஒட்டவைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு உளி, பால் வாளி, வாளியைத் தோளில் தூக்குகிற காண்டாக் கட்டை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து, ஸ்டோர் மெஷினுக்கு மாலை போடுவோம். வெள்ளைக்காரத் துரை காலத்தில் அவரும் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார். அந்த வருஷம் கங்காணிக்கு மூளை வேலை செய்தது. "உளிக்கு பூஜை போட்டு யாரு பாக்கப் போறா? டவுன்ல இருக்கு பாரு, அதுதான் நெசமான ஆயுதம். அதுக்குப் போடுவோம். ஆபீசர் சந்தோசப்பட்டா நமக்கு நல்லதுதானே லா" என்றார். பூஜையை முன்னால் நின்று செய்கிற ஆளுக்கு ஆபீசரிடம் சொல்லி டவுனிலேயே வேலை வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னார்.

நான் ஓடிப்போய் என் வீட்டுக்காரர் செய்வார் என்று சொல்லிவிட்டேன். அவரைக் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம் மாட்டக் கொன்ன இரும்புக்கு நான் பொட்டு வைக்கணுமா?"

"மாடு போயிருச்சு. நீங்களும் போவணுமா?" என்றேன்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று நாள் விடாமல் பிடுங்கி எடுத்தேன். அழுதேன், பட்டினி கிடந்தேன், என் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று துணியை மூட்டை கட்டினேன். அம்மா வீடு ஒன்றும் தொலைவில் இல்லை, எதிர் லயத்தில்தான் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம், "செரி புள்ள, செஞ்சித் தொலைக்கிறேன். நீ சாப்பிடு" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று சாப்பிட்டேன்.

பூஜைக்குக் கற்பூரம் கிடைக்கவில்லை. காட்டு மரத்துப் பிசினைக் கொளுத்தினோம். பொரிக்குப் பதில் கிழங்கைச் சீவி வறுத்தோம். பண்டிகைக்கென்று நான் ஒளித்து வைத்திருந்த ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயை அவர் கையில் கொடுத்தேன். எந்த வேலையைத் தொட்டாலும் அவருக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மனசில்லாமல் ஆரம்பித்தவர், துருவைத் தேங்காய் நாரால் தேய்த்து, எண்ணெய் பூசி, துணியால் துடைத்து, அரை நாளில் அந்த இரும்பை முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டார். மாட்டுக் கொம்புக்கு எண்ணெய் பூசுவதும் அவர் அப்படித்தான். பிறகு மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மாலை போட்டார். பூசணிக்காயைச் சுற்றிப் போட்டு உடைத்தார். அதற்குள் இருந்த குங்குமத் தண்ணீர் சிதறியபோது சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கங்காணி குறுக்கே ஓடிப்போய், ரத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்று மலாயில் கெஞ்சினார்.

ஆபீசர் கிட்டே வந்தார். நெட்டையான மனிதர், கண்ணாடி போட்டிருந்தார். பீரங்கியின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். விரலில் துரு இல்லை. யார் துடைத்தது என்று கேட்டார். கங்காணி என் வீட்டுக்காரரை முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். ஆபீசர் அவர் பெயரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு சிகரெட் கொடுத்தார். பிறகு ஒரு வெள்ளைத் துணிப்பட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார். நடுவில் சிவப்பு வட்டமும், கீழே இரண்டு எழுத்தும் இருந்தன. நல்ல வேலைக்காரன் என்று எழுதியிருக்கிறது, கையில் கட்டிக்கொள்ளலாம் என்று கங்காணி சொன்னார்.

வேலையும் கிடைத்தது. வாரத்துக்கு மூன்று நாள் பீரங்கியைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும், மற்ற நாள் டவுன் கிடங்கில் மூட்டை தூக்க வேண்டும். நொய்யரிசியும் உப்பும் கொடுத்தார்கள். அந்தக் காலத்து உப்பின் அருமை இன்றைக்குச் சொன்னால் புரியாது. நாலைந்து மாதம் எங்கள் வீட்டில் அரிசி வெந்தது. கஞ்சித் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பேன். கொடுக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் கொடுப்பேன். அதை மறைக்க நான் விரும்பவில்லை. அந்தத் துணிப்பட்டையை அவர் ஒரு நாளும் கட்டவில்லை. தகரப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் எடுத்து எடுத்துக் காட்டினேன்.

பிறகு லாரி வந்தது.

காலை நேரம், பனி இன்னும் விலகவில்லை. கீழ்த் தோட்டத்துப் பையன்கள் குறுக்கு வழியாக ஓடி வந்து, "லாரி வருது! ஆள் புடிக்கிறான்!" என்று கத்திவிட்டுப் போனார்கள். லயமே கலைந்தது. ஆம்பளைகள் மரவள்ளிக் கொல்லைக்கும் லாலான் புல்லுக்கும் காட்டோரத்துக்கும் விழுந்தடித்து ஓடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் சவரம் செய்த முகத்தோடு ஓடினார். என் வீட்டுக்காரரும் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் கால் வைத்துவிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க எதுக்கு ஓடுறீங்க? ஓடுறவனத்தான் புடிப்பான். உங்களுக்குத்தான் ஆபீசரே குடுத்திருக்காருல்ல?" தகரப் பெட்டியைத் திறந்து துணிப்பட்டையை எடுத்தேன்.

"வேணாம் புள்ள. ஓடிட்டு சாயங்காலம் வந்துர்றேன்."

"ஓடினா அந்த வேலையும் போயிரும். இதக் கட்டிக்கிட்டு நேராப் போய் நில்லுங்க. பாத்தா விட்டுருவான்."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். கொல்லைப் பக்கம் வழி திறந்துதான் இருந்தது. கையை நீட்டினார். நான் கட்டினேன். அவிழ்ந்து விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு முடிச்சுப் போட்டேன். அந்தக் கையின் சூடு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அவர் தனியாக நடந்து பெரட்டுக் களத்துக்குப் போனார். இரண்டு லாரிகள் நின்றிருந்தன. லாரிக்குப் பக்கத்தில் அதே கண்ணாடி ஆபீசர் நோட்டை வைத்துக்கொண்டு நின்றார். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஆபீசர் துணிப்பட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஆபீசரின் முகம் மலர்ந்தது. தோளில் தட்டினார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்த ஒரு நிமிஷம் என்னைப்போல் கெட்டிக்காரி தோட்டத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் ஆபீசர் அவர் தோளில் கை போட்டபடியே லாரியைக் காட்டினார். அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் முதலில் ஏறிய ஆள் என் வீட்டுக்காரர்.

நான் ஓடினேன். கங்காணி என்னை வழியில் மறித்தார். "கத்தாத. உன் வீட்டுக்காரரப் பேரச் சொல்லியே கேட்டு வந்திருக்காரு. நல்லா ஒழைக்கிற ஆளு வேணுமாம், அங்க மத்த ஆளுங்களுக்கு மேல மண்டோரா போடுவாங்களாம். மூணே மாசம், வந்துருவாரு" என்றார். லாரி நகர்ந்தபோது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். துணிப்பட்டை கட்டிய கைதான்.

ஓடி ஒளிந்த ஆம்பளைகள் பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். லாலான் புல் கிழித்துக் காலெல்லாம் ரத்தம். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் மீதிச் சவரத்தை முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். லயத்துச் சுவர் என்ன சுவர், நாலு பலகை. அவர் கிழங்கை மெல்லுகிற சத்தம், தண்ணீர் குடிக்கிற சத்தம், அவர் பெண்டாட்டி இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்கிற சத்தம் எல்லாம் எனக்குக் கேட்டன. அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அன்றைக்கு அவர் செத்துப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு பீரங்கியைத் துடைக்க ஆளில்லை. என்னைச் செய்யச் சொன்னார்கள். செய்தால் நொய்யரிசி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் செய்தேன். என் மாட்டைக் கொன்று, என் புருஷனைக் கொண்டுபோன இரும்பை இரண்டு வருஷத்துக்கு மேல் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன். அந்த அரிசியைத் தின்றேன். வயிறு கேட்கிறது, என்ன செய்ய. மானஸ்தியாக இருந்திருந்தால் செத்திருப்பேன். நான் சாகவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. மூன்று வருஷமும் ஆகப்போனது. ஜப்பான்காரன் தோற்றுப் போனான். சயாமுக்குப் போனவர்களில் எங்கள் தோட்டத்துக்கு மூன்று பேர் திரும்பினார்கள். ஒருவர் என் வீட்டுக்காரரோடு ஒரே கொட்டகையில் இருந்தவர். எலும்பும் தோலுமாக வந்து என் வாசலில் உட்கார்ந்தார். காலில் ஆறாத புண், ஈயை ஓட்டிக்கொண்டே பேசினார்.

"அவரத்தான் எங்களுக்கு மண்டோரா போட்டாங்க தங்கச்சி. அவரு கையில பெரம்பு குடுத்து எங்கள அடிக்கச் சொன்னான். இவரு அடிக்கல. அதனால அவருக்குத்தான் அடி. மழக்காலத்துல பேதி வந்துச்சு. ரெண்டு நாள்தான் கெடந்தாரு. அப்ப ஒரு நாளைக்கு அத்தன பேரு செத்தாங்க, எல்லாரையும் ஒண்ணாப் போட்டு எரிச்சிட்டாங்க. தனியா எடம்னு ஒண்ணும் இல்ல."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "என்னையப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொல்லாம? எம் பொண்டாட்டிக்கு எம்மேல உசுரு, என்னையக் காப்பாத்தத்தான் எல்லாம் செஞ்சான்னு சொல்லுவாரு. ஒரு நாளுகூட ஒன்னையக் கொற சொல்லல."

அவர் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னார். எனக்கு இருக்கவில்லை. ஒரே ஒரு தடவை, பாவி நாசமாப் போனாளே என்று அங்கே சயாமில் நின்று என் வீட்டுக்காரர் திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டார். இதற்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து முதலில் செய்த வேலைகளில் ஒன்று, அந்தப் பீரங்கியை நிமிர்த்தியது. வாயில் அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கி எறிந்து, சிமெண்டு மேடை கட்டி, சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து, வானத்தைப் பார்க்க வைத்தார்கள். செத்துப்போன வெள்ளைக்காரத் துரைமார்கள், சிப்பாய்கள் பெயர்களை எல்லாம் பித்தளையில் வெட்டி வைத்தார்கள். திறப்பு விழாவில் எங்கள் கங்காணி புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் அதே பீரங்கிக்கு மறுபடியும் மாலை போட்டார். இந்தத் தடவை அவர் தானே போட்டார், யாரையும் முன்னால் தள்ளவில்லை. மாலையை வாங்கிக்கொண்டு அதுவும் சும்மா நின்றது. யார் வந்து கும்பிட்டாலும் அதற்கு என்ன?

இரண்டு வருஷம் கழித்து, சயாமுக்குப் போன தோட்டத்துச் சனங்களுக்கும் பீரங்கிக்குப் பக்கத்திலேயே ஒரு கல் வைக்கப் போகிறோம் என்று டவுன்காரர்கள் சிலர் சேர்ந்து சொன்னார்கள். பெயர் கொடுக்க வாருங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். எரித்த இடம்கூட இல்லாத மனிதருக்கு ஒரு கல்லிலாவது இடம் கிடைக்கிறதே என்று நான் வெள்ளைப் புடவையை அலசிக் கட்டிக்கொண்டு இரண்டு கல் தூரம் நடந்து போனேன். பள்ளிக்கூடக் கொட்டகையில் நம்ம ஆள் ஒருவர், தமிழ்க் கிராணி, மேசை போட்டு உட்கார்ந்து எழுதினார். வரிசையில் எல்லாரும் பெண்கள்.

ஜப்பான்காரன் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பெயர் மட்டும்தான் கல்லில் வருமாம். தானாகப் போனவர்கள், ஜப்பான்காரனுக்கு வேண்டியவர்கள் பெயர் வந்தால் வெள்ளைக்காரன் அனுமதி கொடுக்கமாட்டானாம். வரிசையிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவளின் புருஷன் நல்ல சம்பளம் என்று நம்பித் தானாகப் போய் ஏறியவர். "அடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க சாமி" என்று அவள் ஒரு மூச்சு அழுதாள். எழுதிக்கொண்டார்கள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அதையே சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

கிராணி என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். சொன்னேன். தோட்டத்தைக் கேட்டார். சொன்னேன். முழுப் பெயரையும் அழகாக எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"ஜப்பான்காரன்தானேம்மா புடிச்சிக்கிட்டுப் போனான்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் நடந்தேன்.

"இல்ல" என்றேன். "நான்தான் அனுப்பினேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. அப்படிச் சொன்னா எழுத முடியாது. புடிச்சிக்கிட்டுப் போனான்னு சொல்லுங்க, போதும்" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனிதர். எனக்கு உதவத்தான் பார்த்தார்.

"ஓடப் பாத்தாருய்யா. நான்தான் கையப் புடிச்சி இழுத்து, போய் நில்லுன்னு அனுப்பினேன்" என்றேன். அவ்வளவு பேருக்கு நடுவில் சத்தமாகவே சொன்னேன். அதற்கு முன் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு எழுதிய பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். நோகாமல், ஸ்கேல் வைத்து, நேராகப் போட்டார். "அடுத்த ஆள் வாங்க" என்றார். நான் நகர்ந்து வழி விட்டேன்.